பாதிக் கிணற்றுக்கு மானியம்

2008-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க 5 கோடி டாலரில் புவிவெப்பத் துளையிடல் திட்டத்தை அறிவித்தபோது, நான் அடிலெய்டில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் நிலவியலாளராக இருந்தேன். ஒரு கிணற்றுத் திட்டத்துக்கு அதிகபட்சம் 70 லட்சம் டாலர் மானியம் கிடைக்கும். விண்ணப்பிப்பவரும் அதற்கு ஈடாகத் தம் பணத்தைப் போட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் எங்களை நிறுத்தப் போகிறது என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

விண்ணப்பத்தில் என் பங்கு, வெப்பம் இருக்கிறது என்று காட்டுவது. தென் ஆஸ்திரேலியாவில் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை. ஆழத்தில் கிடக்கும் கிரானைட் பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை கதிரியக்கத்தால் சிதைந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. மேலே படிந்த வண்டல் பாறைகள் கம்பளி போல அதை வெளியேறவிடாமல் காக்கின்றன. எங்களிடம் இருந்தவையோ சில நூறு மீட்டர் ஆழமுள்ள துளைகள் மட்டுமே. அவற்றின் வெப்பநிலையையும், அவற்றிலிருந்து உருளை வடிவில் வெட்டியெடுத்த பாறைத் தண்டுகளின் வெப்பக் கடத்துதிறனையும் அளந்து, அதிலிருந்து 4 கிலோமீட்டர் ஆழத்தின் வெப்பத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. புவிவெப்ப வளத்தை எப்படி அறிவிக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பு அதே 2008-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. எது அளந்தது, எது ஊகித்தது என்று அது பிரித்து எழுதச் சொன்னதால், என் முதல் வரைவில் உறுதியாக எழுதியிருந்த பல வாக்கியங்களை நானே அடித்துவிட்டு மீண்டும் எழுதினேன். அந்த வாரங்கள் கடினமானவை. ஆனாலும் விண்ணப்பத்தின் நேர்மைக்கு அந்த விதிகளுக்கே நான் கடன்பட்டிருக்கிறேன்.

வெப்பத்தைக் காட்டினால் மட்டும் போதாது. ஒரு கிணற்றில் இறக்கிய நீர் சூடான பாறைக்குள் ஓடி இன்னொரு கிணற்றில் மேலே வர வேண்டும். அவ்வளவு ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டவே ஒரு கோடி டாலருக்கு மேல் ஆகும். 2009-இல் முதல் சுற்றில் பாரலானா, பெனோலா ஆகிய இரு இடங்களுக்குத் தலா 70 லட்சம் டாலர் கிடைத்தது. நாங்கள் அடுத்த சுற்றுக்காக விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது உலக நிதி நெருக்கடி முற்றியிருந்தது. பார்த்த முதலீட்டாளர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: முதலில் கிணற்றைத் தோண்டி நீரோட்டத்தைக் காட்டுங்கள், பிறகு பேசலாம். தோண்டுவதற்குத்தான் பணம் கேட்கிறோம் என்று எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. எங்கள் பாதிக்கு வழியில்லாததால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம். மானியம் ஒதுக்கப்பட்ட பல நிறுவனங்களும் தம் பங்கைத் திரட்ட முடியாமல் தோண்டாமலே நின்றுவிட்டன.

சரிபாதி என்ற விதி, கட்டி முடிக்கும் நிலையில் உள்ள மின் நிலையத்துக்குப் பொருந்தலாம். ஆனால் முதல் ஆழ்கிணற்றில்தான் இழப்பின் அச்சம் மிகுதி. அங்கே அரசின் பங்கு பாதிக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கென்யாவின் மெனெங்காயில் அரசு நிறுவனமே கிணறுகளைத் தோண்டி, கிடைத்த நீராவியைத் தனியார் மின் நிலையங்களுக்கு விற்கும் ஏற்பாட்டைச் செய்தது. எரிமலைப் பகுதி என்பதால் அங்கு நிலைமை வேறுதான்; ஆனாலும் முதல் இழப்பை யார் தாங்குவது என்ற கேள்வி இரு இடங்களுக்கும் பொது.

2013-இல் தென் ஆஸ்திரேலியாவின் இன்னமின்காவுக்கு அருகே ஹபனேரோவில் 1 மெகாவாட் மாதிரி நிலையம் 160 நாட்கள் ஓடியது. கிணற்றின் வாயில் 215 டிகிரி செல்சியஸ் வெப்பம் கிடைத்த செய்தியைப் படித்தபோது, நாங்கள் தாளில் கணித்ததை வேறொருவர் நிலத்தில் காட்டிவிட்டார் என்று மனம் நிறைந்தது. மின்சாரம் வேண்டிய ஊர்களிலிருந்து தொலைவும், செலவும் அதிகமாக இருந்ததால் அந்த நிலையம் அதற்குமேல் வளரவில்லை.

நாங்கள் எடுத்த பாறைத் தண்டுகளை, உரிமத்தின் நிபந்தனைப்படி, மாநில அரசிடம் ஒப்படைத்தோம். எங்கள் வெப்பநிலைப் பதிவுகளும் அவற்றோடு இருக்கின்றன. அடுத்து அந்த நிலத்தில் துளையிட வருபவர் அவற்றிலிருந்து தொடங்கலாம்.