ஓலை நறுக்கில் வசனம்: மூன்றாம் சுற்றுக் குறிப்பு

கடவுளின் அன்பை நினைப்பூட்டும் வசன அட்டைகளுக்கு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பஞ்சமில்லை. மாட்டி ஒரு கிழமை போனால் அவை கண்ணில் படுவதில்லை, அதுதான் பிரச்சினை. மணிக்கூட்டுக்குக் கீழே தொங்குவது எந்த வசனம் என்று கேட்டால் வீட்டுக்காரரே திரும்பிப் பார்த்துத்தான் சொல்லுவார். உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் கடவுளின் வார்த்தைகளைக் கையில் கட்டுவது 8ஆம் வசனத்தில் வருகிறது, நிலைக்காலில் எழுதுவது அதற்குப் பிறகுதான். ஆகவே ஓலையில் வசனம் எழுதிப் பார்க்கும் இந்த மூன்றாம் சுற்றில் சுவரை விட்டாயிற்று. கை படும் இடங்களில் மட்டும் பனை ஓலை நறுக்குகள்.

முற்றிய ஓலை வெடிக்கும், இளங்குருத்து சுருங்கும். பாய் இழைக்கும் சார்வோலைதான் சரி. ஈர்க்கை வார்ந்து எடுத்துவிட்டு 8 சென்ரிமீற்றர் நீளம், 2½ அகலத்தில் நறுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் 20 நிமிடம் அவித்து நிழலில் போட்டு, முழுதாகக் காயமுன்னரே பாரமான புத்தகத்துக்குள் இரண்டு நாள் வைக்க வேண்டும். முதல் சுற்றில் வெயிலில் போட்ட துண்டுகள் எல்லாம் குழலாகச் சுருண்டன. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாட்களில் நிழலே போதும். அரை நாள் கவனிக்காமல் விட்டால் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

எழுதுவதற்குக் கோணூசி. அதன் முனையைச் சீமெந்துத் தரையில் நாலைந்து தரம் உரசி மழுக்காவிட்டால் ஓலையைக் கிழிக்கும். இரண்டாம் சுற்றில் 'அன்பு' என்றே எழுதிப் பார்த்ததில் பாதித் துண்டுகள் பாழ். 'ன்' மேல் புள்ளி குத்தினால் ஓட்டை. 'பு'வில் அடிக்கோடு நரம்போடு ஒத்து ஓடுவதால் அந்த வழியே ஓலை பிளந்துவிடுகிறது. அந்தக் காலத்தார் ஏட்டில் ஏன் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பது இரண்டு துண்டு கிழிந்ததும் விளங்கும். இப்போது அதிகார, வசன எண்கள் மட்டும். 4, 5 இரண்டிலும் வரும் நேர்கோட்டையும் சற்று வளைக்க வேண்டும். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று: வெறும் எண்ணைக் கண்டால் வசனத்தை மனம்தான் சொல்ல வேண்டும். முழுதாக எழுதியிருந்தால் கண் சும்மா மேய்ந்துவிட்டுப் போகும்.

கீறலில் விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தேய்த்து, பழந்துணியால் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பும். எண்ணெய் இரண்டு சொட்டுக்கு மேல் போனால் ஓலை முழுக்கக் கறை.

அடுத்தது இடம். கிணற்றடி மோட்டார் சுவிச்சுப் பெட்டியின் கதவுப் பிடியில் மத்தேயு 5:45 (நூல் பெட்டிக்குள் தொங்காமல் குறுக்கிக் கட்ட வேண்டும்). நல்லவர், தீயவர் என்று பாராமல் மழை பெய்யப்பண்ணுகிறவரைப் பற்றிய வசனம் அது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்கி, கிணறுகளில் ஊறுகிறது. வேலி நிலத்துக்கு மேலேதான். வேலிச் சண்டைக்கு வந்தவரின் வளவில் விழுந்த மழையும் இந்த வாளியில் வரும். மோட்டாரைப் போடும்போது ஒரு தரம், நிற்பாட்டும்போது ஒரு தரம் கை அந்த நறுக்கில் படுகிறது. நிற்பாட்ட மறந்து கண்டபடி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும்.

அரிசி வாளிக்குள், அரிசி அளக்கும் சுண்டின் காதில் கட்டியது மத்தேயு 6:11, அன்றாட அப்பத்தைக் கேட்கும் வசனம். எண்ணெய் முற்றாகக் காய்ந்த பிறகுதான் இந்த நறுக்கைப் போடலாம், இல்லாவிட்டால் சோற்றில் கரி மணக்கும். திறப்புக் கோர்வையில் போக்கையும் வரத்தையும் காப்பவரைச் சொல்லும் சங்கீதம் 121:8, நுளம்பு வலையின் கயிற்றில் சமாதானத்தோடு நித்திரை செய்வதைச் சொல்லும் சங்கீதம் 4:8. சைக்கிள் கைபிடியில் கட்டியது வியர்வையில் பத்து நாளில் நைந்தது. கண்ணாடி ஓரம் சரிவரவில்லை. கண் முகத்தை விட்டு நகர்வதில்லை.

இரவில் எழுதும் நன்றிக் குறிப்புக்கு 136ஆம் சங்கீதம் நல்ல அச்சு. அதில் 26 வசனம், 26 தரமும் பின்பாதி ஒன்றே: 'அவர் கிருபை என்றுமுள்ளது'. கொப்பியில் முன்பாதியை அன்றைய நாளிலிருந்து ஒரு வரியாக எழுதி, பின்பாதியைச் சங்கீதத்திலிருந்து எடுக்கலாம். "கரண்ட் போகவில்லை", "பஸ் நேரத்துக்கு வந்தது" என்று அதிர்ஷ்டக் கணக்காக எழுதத் தொடங்கினால் மோசமான நாளில் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். யாரோ கையால் கொடுத்த ஒன்றை எழுதுவது நல்லது: முருங்கையிலைக் கட்டு, பிளாஸ்கில் வந்த கஞ்சி. வானத்தையும் சூரியனையும் படைத்தவரைப் பாடிக்கொண்டு வரும் அந்தச் சங்கீதமே 25ஆம் வசனத்தில் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை வேப்பெண்ணெயை மெல்லத் தடவித் துடைக்க வேண்டும். அரிசிக்குள் இருக்கும் துண்டுக்கு இது கூடாது, கசக்கும். அதை மட்டும் புதிதாக வெட்டி மாற்றிவிடுவது சுகம்.