ஏழு அங்குலப் பேனலும் மொட்டைமாடிச் சுவரும்

கீழக்கரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள சுவரில், இரவு எட்டு மணிக்கு மேல், மஞ்சள் உருண்டை ஒன்று பேய்களிடம் சிக்காமல் ஓடும் பழைய வீடியோ ஆட்டமான பாக்-மேன் ஓடுகிறது. படத்தைச் சுவரில் பெரிதாக வீழ்த்தும் புரொஜெக்டரை நானே செய்து அதை அங்கே கொண்டு வருவதற்கு எனக்கு ஏறத்தாழ ஒரு வருடமும் மூன்று பெட்டிகளும் தேவைப்பட்டன. சிறுவயதில் ராமநாதபுரத்தில் ஒரு வீடியோ கேம் கடையில் நாணயம் போட்டு விளையாடியபோது, விளையாடுபவன் மட்டுமே படத்தை முழுதாகப் பார்ப்பான். பின்னால் நிற்கும் நாங்கள் அவன் தோள்களுக்கு இடையில் எட்டிப் பார்ப்போம். அதே ஆட்டத்தை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இந்த வேலைக்குக் காரணம்.

முதல் பெட்டி, எல்லோரும் செய்து பார்க்கும் காலணிப் பெட்டிதான். உள்ளே கைபேசி, முன்னே ஒரு பூதக்கண்ணாடி. படம் விழுந்தது, ஆனால் பேயைப் பேயென்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மங்கலாக இருந்தது. கைபேசித் திரை எல்லாத் திசைகளிலும் வெளிச்சத்தைச் சிதறவிடுகிறது. அதில் மிகச் சிறிய பங்குதான் கண்ணாடிக்குள் நுழைகிறது. ஆகவே படத்தையும் விளக்கையும் பிரித்தாக வேண்டும்.

இரண்டாவது பெட்டியில் 1024×600 புள்ளிகள் கொண்ட ஏழு அங்குல எல்சிடி பேனலை வாங்கி, அதன் பின்புற ஒளித்தகட்டைக் கழற்றிவிட்டு, வெறும் கண்ணாடியை மட்டும் வைத்தேன். பின்னால் 100 வாட் எல்இடி. பேனலுக்கு முன்னும் பின்னும், வெளிச்சத்தைச் சிதறவிடாமல் திரட்ட, ஒவ்வொரு ஃபிரெனல் லென்ஸ். இது மெல்லிய பிளாஸ்டிக் தகடு. நகத்தால் வருடினால் கிர்ரென்று சத்தமிடும் அளவுக்கு வட்ட வட்டமாக நுண்ணிய பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். கனத்த கண்ணாடியின் வளைவை வளையங்களாக அறுத்துத் தட்டையாக்கும் இந்த அமைப்பைக் கலங்கரை விளக்கங்களுக்காக உருவாக்கியவர் அகஸ்டின் ஃபிரெனல். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதலில் ஏற்றப்பட்டது. விளக்குக் கம்பத்தைப் பார்த்துக் கரை திரும்பும் ஊரில் இருந்துகொண்டு இந்தத் தகட்டைக் கையில் எடுக்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இரண்டு தகடுகளின் பள்ளமுள்ள பக்கமும் பேனலைப் பார்த்திருக்க வேண்டும். பேனலோடு ஒட்டாமல் சிறிது இடைவெளியும் வேண்டும். இல்லையென்றால் அந்த வளையங்களே சுவரில் விழும்.

அந்தப் பெட்டி ஒரே இரவில் கெட்டது. எல்இடியின் சூட்டை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பேனலின் மேல் ஒட்டியிருக்கும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் படலம் சூடு தாங்காமல் நடுவில் பழுப்பேறியது. ஆட்டத்தின் நடுவே ஒரு தேநீர்க் கறை போலப் படர்ந்தது. படகுகளின் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டுக் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) வந்து பார்த்துவிட்டு, “தம்பி, விளக்குக்கும் பேனலுக்கும் நடுவுல சூடு தடுக்கிற கண்ணாடி வைக்காம எப்படிப்பா நிக்கும்?” என்றார். மூன்றாவது பெட்டியில் அந்தக் கண்ணாடியும், சூட்டை இழுத்து வெளியேற்றும் பெரிய ஹீட் சிங்க்கும், காற்றை வெளியே தள்ளும் இரண்டு விசிறிகளும் இருக்கின்றன.

இனி அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெட்டியின் முன்னே இருந்து படத்தைச் சுவரில் வீழ்த்தும் என் லென்ஸின் குவியத் தூரம் 200 மில்லிமீட்டர். சுவர் 2.8 மீட்டர் தொலைவில் இருந்தால் படம் 13 மடங்கு பெருகி 91 அங்குலமாகிறது. பரப்போ 169 மடங்கு. அதே வெளிச்சம்தான் அத்தனை இடத்துக்கும் பங்கு போகிறது. பெட்டியைச் சுவரிலிருந்து 1.92 மீட்டர் தொலைவுக்கு முன்னே நகர்த்தி 60 அங்குலமாகச் சுருக்கினால், சுவரில் விழும் வெளிச்சம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடும். இதற்காக லென்ஸ் நகர வேண்டிய தூரம் 8 மில்லிமீட்டர் கூட இல்லை. ஒன்றுக்குள் ஒன்று செல்லும் இரண்டு பிவிசி குழாய்களே அதற்குப் போதும். நூறு அங்குலம் என்று பெருமை பேசுவதைவிட அறுபது அங்குலத்தில் நிறங்கள் பளிச்சென்று தெரிவதையே நான் விரும்புகிறேன். லென்ஸ் படத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் திருப்பிவிடும் என்பதால் பேனலைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறேன்.

1980இல் வந்த பாக்-மேனின் படம் 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. அதைச் சரியாக இரண்டு மடங்காக்கினால் உயரம் 576 ஆகி, 600 வரிகளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு புள்ளியும் சம அளவில் நிற்கும். பக்கங்களில் கருமை மிஞ்சுவதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. 600 வரிகளையும் நிரப்ப வேண்டுமென்று 2.08 மடங்காக இழுத்தால் சில புள்ளிகள் பருத்தும் சில மெலிந்தும் போய், பாதையின் கோடுகள் நெளிந்து தெரியும்.

படத்தை ஒளியியல் வித்தையால் மாற்றிக் காட்டுவது இந்த ஆட்டங்களுக்குப் புதிதல்ல. 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நின்று ஆடும் பெட்டியில் திரையை ஆட்டக்காரர் நேராகப் பார்ப்பதில்லை. கருப்பு வெள்ளைப் படம் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியில் பிரதிபலித்து, பின்னால் வரைந்து வைத்த நிலாக் காட்சியின் மேல் மிதப்பது போலத் தோன்றும். நிறங்கள் ஒட்டப்பட்ட வண்ணத் தாளிலிருந்து வந்தவை. டாரியஸ் ஆட்டத்தில் மூன்று திரைகளைக் கண்ணாடிகளின் உதவியால் ஒரே நீண்ட திரையாக இணைத்திருந்தார்கள். அவர்களும் இடத்துக்காகவும் வெளிச்சத்துக்காகவும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சுவர் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் வெள்ளை வேட்டியைக் கட்டினேன். வெளிச்சத்தில் பெரும் பகுதி துணியைத் தாண்டிப் போய்விட்டது. இப்போது மினுமினுப்பில்லாத வெள்ளைப் பூச்சைச் சுவரில் இரண்டு கை பூசியிருக்கிறேன்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை உப்புக் காற்று. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் விசிறி சில வாரங்களிலேயே கரகரக்கத் தொடங்கும். பேனலின் ரிப்பன் கேபிள் முனையில் பச்சைக் களிம்பு ஏறும். ஆட்டம் முடிந்ததும் பேனலைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட எவர்சில்வர் டப்பாவில் மூடி வைக்கிறேன். மாதம் ஒருமுறை முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை உம்மா மாடிக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மஞ்சள் உருண்டை மூன்றாவது சுற்றைக் கடக்கும் வரை எழுந்திருக்கவில்லை.