கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) வேலைக்கான கணினி ஒன்றை நானே கூட்டிச் சேர்த்த அனுபவம்

பழைய கணினியில், சாலிட்வொர்க்ஸ் என்ற இயந்திர வடிவமைப்பு மென்பொருளில், ஒரு பம்ப் அசெம்பிளியைத் திறந்து, மாடல் முழுவதையும் மீண்டும் கணக்கிட்டு மறுகட்டமைக்கும்படி கண்ட்ரோல்-கியூ அழுத்தினால் 4 நிமிடம் 10 விநாடி ஆகும். ஏறக்குறைய 800 உறுப்புகள் கொண்ட அசெம்பிளி. ஒரு துளையின் விட்டத்தை அரை மில்லிமீட்டர் மாற்றினாலும் அதே காத்திருப்புதான். மனத்தில் உருவாகியிருந்த அடுத்த திருத்தம், திரை மீண்டும் அசைவதற்குள் கலைந்துபோகும். இயந்திர வடிவமைப்பு செய்பவர்களுக்கு இந்த வேதனை புரியும். புதிய கணினி வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். பாகங்களை நானே தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது என்றும் அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று, பாகங்களின் பட்டியலைத் தொடுவதற்கு முன் பழைய கணினியையே ஒரு மாலை முழுவதும் கவனித்தேன். சாலிட்வொர்க்ஸ் மறுகட்டமைத்துக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் பயன்பாடு 13 சதவீதத்தைத் தாண்டவில்லை. அது 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய எட்டு வேலை வரிசைகள்) உள்ள பிராசசர். எட்டில் ஒரு பங்கு என்றால் 12.5 சதவீதம். அதாவது ஒரே ஒரு திரெட் மூச்சு வாங்க ஓடுகிறது, மற்ற ஏழும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. யோசித்தால் காரணம் எளிது. பாராமெட்ரிக் மாடலில், அதாவது அளவை மாற்றினால் தானே மாறும் மாடலில், ஒவ்வொரு ஃபீச்சரும் (தட்டு, துளை போன்ற ஒவ்வொரு படியும்) தனக்கு முந்தையதன் மேல் நிற்கிறது. துளை போட வேண்டிய தட்டு உருவாகாமல் துளை உருவாக முடியாது. இந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதற்கு அதிக வழியில்லை. ரெண்டரிங், அழுத்தப் பகுப்பாய்வு போன்ற வேலைகளுக்குத்தான் நிறைய கோர்கள் கைகொடுக்கும். என் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாடலிங். எனவே 16 கோர், 24 கோர் என்ற எண்களை ஒதுக்கிவிட்டு, ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதே மாலையில் இன்னொன்றும் தெரிந்தது. பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷன் என்ற கருவி, எந்த ஃபீச்சர் எவ்வளவு நேரம் தின்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். பட்டியலின் உச்சியில் இருந்தவை போல்ட்டுகள்! யாரோ ஒருவர் மரைகளைச் சுருள் சுருளாக உண்மையாகவே வெட்டி மாடல் செய்திருந்த கோப்புகளை நான் அப்படியே பயன்படுத்தியிருந்தேன். அவற்றை எடுத்துவிட்டு காஸ்மெடிக் மரை (வெட்டாமல் தோற்றத்துக்கு மட்டும் காட்டும் மரை) போட்டதும் 4 நிமிடம் 10 விநாடி என்பது 2 நிமிடம் 50 விநாடி ஆனது. புதிய கணினி வாங்க நினைக்கும் எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. பழைய கணினியில் இருந்தது விளையாட்டுகளுக்கென்று வந்த கார்டு. மாடலைச் சுழற்றினால் விளிம்புக் கோடுகள் நடுங்கும். தேர்ந்தெடுத்த முகம் சில நேரம் நிறம் மாறாது. கார்டு பழுதாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மென்பொருள்வழி ஓப்பன்ஜிஎல் என்று ஒரு தெரிவு அமைப்புகளில் இருக்கிறது; அதை இயக்கினால் கார்டை விட்டுவிட்டுப் பிராசசரே படம் வரையும். எல்லா ஆவணங்களையும் மூடிவிட்டால்தான் அதை மாற்ற முடியும், இல்லாவிட்டால் மங்கிக் கிடக்கும். அதை இயக்கிவிட்டுத் திறந்தேன். சுழற்சி ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நடுக்கம் போயிற்று, முகங்களும் ஒழுங்காக நிறம் மாறின. கார்டும் டிரைவரும் மென்பொருளும் தமக்குள் ஒத்துப்போகவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. கார்டு ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, படமும் வந்தது. இருந்தும் அது என் வேலைக்கு ஏற்ற கார்டு அல்ல.

அதன்பின் என் தேடல் தலைகீழாக மாறியது. பிராசசரிலிருந்து தொடங்காமல், மென்பொருளின் சான்றளிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலிலிருந்து தொடங்கினேன். அங்கே கார்டின் பெயர் மட்டும் போதாது. மென்பொருளின் எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த விண்டோஸ், டிரைவரின் எந்த எண் என்று எல்லாம் ஒரே வரியில் பொருந்த வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ2000 கார்டில், 12 ஜிபி நினைவகம் கொண்ட வகையை எடுத்தேன். 70 வாட்தான் இழுக்கும் என்பதால் மதர்போர்டின் ஸ்லாட் தரும் மின்சாரமே போதும், தனி மின்கம்பி தேவையில்லை.

பிராசசராக ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ். 8 கோர், ஒற்றைக் கோர் வேகம் 5.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். இதை எடுத்ததுமே பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிட்டது: ஏஎம்5 சாக்கெட் (போர்டில் பிராசசர் அமரும் இடம்), அதனால் டிடிஆர்5 ரேம் மட்டும்தான். பழைய கணினியிலிருந்த டிடிஆர்4 ரேமை எடுத்துப் போட முடியாது. இரண்டுக்கும் 288 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும்.

ரேமில்தான் அதிக நாள் செலவழித்தேன். பழைய கணினியில் 16 ஜிபியில் 15.6 நிரம்பியிருந்ததைக் கண்ணால் பார்த்திருந்ததால் 64 ஜிபி என்பதில் சந்தேகமில்லை. நான்கு ஸ்லாட்டிலும் 16 ஜிபி வீதம் போடலாம் என்பது என் முதல் கணக்கு. பிராசசரின் விவரக்குறிப்பைப் படித்தபோதுதான் அது தவறு என்று தெரிந்தது. இரண்டு ரேம் பலகைகளுக்கு 5600 (விநாடிக்கு மெகாட்ரான்ஸ்பர்) வேகம் என்று உறுதி தரும் அதே பிராசசர், நான்கு பலகைகளுக்கு 3600 மட்டுமே உறுதி தருகிறது. ஆகவே 32 ஜிபி பலகைகள் இரண்டு. அவற்றையும் மதர்போர்டு தயாரிப்பாளர் சோதித்து வெளியிட்ட பட்டியலில் பெயர் எண் முழுதும் பார்த்துத்தான் எடுத்தேன். சர்வர்களில் இருந்து கழற்றிய ஈசிசி (பிழைதிருத்தும்) ரேம்மீதும் ஆசை வந்தது. அவை பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை, டிடிஆர்5-இல் அந்த வகை சாதாரண மதர்போர்டின் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. டிடிஆர்5 என்றாலே உள்ளுக்குள் பிழைதிருத்தம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது சில்லுக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். சில்லுக்கும் பிராசசருக்கும் இடையில் நேரும் பிழையை அது கவனிக்காது.

கேபினெட்டும் கூலரும் டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டிய சமாசாரம். நான் விரும்பிய கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர், விரும்பிய கேபினெட் இடம் தருவது 160. ஐந்து மில்லிமீட்டருக்காகப் பக்கக் கதவு மூடாது. 65 வாட் பிராசசருக்கு அவ்வளவு பெரிய கூலர் தேவையுமில்லை என்பதால் சிறியதாக எடுத்தேன். அது ரேமின் மேல் குடை பிடிக்கும் வடிவம், எனவே ரேமிலும் உயரமான அலங்காரத் தகடு இல்லாததாகப் பார்த்தேன்.

பவர் சப்ளை 550 வாட். இப்போதைக்கு அதில் பாதிகூடச் செலவாகாது, பிற்பாடு பெரிய கார்டு போட இடம் வேண்டும் என்றுதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கழற்றி மாட்டும் கம்பிகள் கொண்ட பவர் சப்ளை வாங்கினால் பழையதன் கம்பிகளைப் புதியதில் செருகாதீர்கள். சப்ளை பக்கத்து முனையில் எந்தத் துளையில் எந்த மின்னழுத்தம் என்பதற்குப் பொது விதி கிடையாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஒரே தயாரிப்பாளரின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. முனை பொருந்தும், ஆனால் டிஸ்க் எரிந்துபோகலாம்.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு இன்னொரு முடிச்சு. நான் எடுத்த மதர்போர்டு அந்தப் பிராசசருக்கு முன்பே வெளிவந்தது. சாக்கெட் ஒன்றுதான், ஆனால் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் பிராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. நல்லவேளையாக, பிராசசர் இல்லாமலேயே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டாகப் பார்த்து வாங்கியிருந்தேன். எஃப்ஏடி32 முறையில் தயார்செய்த பென் டிரைவில் கோப்பைப் போட்டு, கையேடு சொன்ன பெயரை வைத்து, குறிப்பிட்ட யூஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினேன். சிறு விளக்கு ஏழு நிமிடம் மினுக்கிவிட்டு அணைந்தது.

பிராசசரை வைத்து, ரேமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் அழுத்தி, முதன்முதலாக இயக்கினேன். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு. போர்டின் ஓரத்தில் ரேம் என்று எழுதிய இடத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று. வயிற்றில் புளியைக் கரைத்தது. மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம் என்று கை ஸ்விட்ச்வரை போய்விட்டது. புதிய டிடிஆர்5 ரேமை முதல்முறை பழக்கிக்கொள்ள இந்தப் போர்டுகள் சில நிமிடங்கள் எடுக்கும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வரக் கையை இழுத்துக்கொண்டேன். நான்காவது நிமிடம் விளக்கு அணைந்து எழுத்துகள் வந்தன.

அடுத்த நாள், போர்டிலேயே நேராகப் பொருத்தும் எம்.2 எஸ்எஸ்டி இன்னொன்றைச் செருகினேன். உடனே பழைய திட்டங்கள் எல்லாம் இருந்த, கம்பியால் இணைக்கும் சாட்டா டிஸ்க் காணாமல்போய்விட்டது. கம்பியை மாற்றினேன், வேறு கம்பி எடுத்து வந்தேன், டிஸ்க்கைக் காதருகே வைத்துக்கூடக் கேட்டேன், அதுவும் எஸ்எஸ்டிதான், ஒலி வராது என்பதுகூடப் பதற்றத்தில் தோன்றவில்லை. அரை மணி நேரத்துக்குப் பின் கையேட்டின் அடிக்குறிப்பில் விடை இருந்தது. என் போர்டில் அந்த எம்.2 ஸ்லாட்டும் இரண்டு சாட்டா துளைகளும் ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன, ஒன்றில் ஆள் இருந்தால் மற்றது மூடிக்கொள்ளும். கம்பியைப் பங்குபோடாத வேறொரு துளைக்கு மாற்றியதும் டிஸ்க் திரும்ப வந்தது. கையேட்டை வாங்குவதற்கு முன்பே தரவிறக்கிப் படிக்கலாம். படங்களைவிட அடிக்குறிப்புகளைப் படியுங்கள்.

கார்டின் நான்கு வெளியீடுகளும் மினி டிஸ்ப்ளேபோர்ட். என் மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும்தான், ஆகவே ஒரு மாற்றி வாங்கும்வரை பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு கிராபிக்ஸில் காலத்தை ஓட்டினேன். மாற்றி வந்ததும் பட்டியலில் இருந்த அதே எண்ணுள்ள டிரைவரைப் போட்டேன், அதைவிடப் புதியது இருந்தும்.

பிறகு அந்தப் பம்ப் அசெம்பிளியைத் திறந்து கண்ட்ரோல்-கியூ அழுத்தினேன். 1 நிமிடம் 12 விநாடி. சுழற்றினால் விளிம்புகள் அசையாமல் நிற்கின்றன, தொட்ட முகம் தொட்ட கணத்தில் நிறம் மாறுகிறது. போல்ட்டுகள் போனபின் இப்போது நேரப் பட்டியலின் உச்சியில் இருப்பது பம்ப் உறையின் லாஃப்ட் (குறுக்குவெட்டுகளை இணைத்து உருவாக்கும் வடிவம்) ஒன்று, 19 விநாடி. அது நான் வரைந்ததுதான். வழிகாட்டிக் கோடுகளைக் குறைத்து இந்த வாரம் மறுபடி வரைகிறேன்.