எந்த வடக்கிலிருந்து அளக்கிறோம்? – ஏர் நேவிகேஷன் தாளுக்குப் படிப்போருக்கு

வணிக விமானி உரிமத்துக்காக டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் ஏர் நேவிகேஷன் தாளில் தேர்ச்சி பெற 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். புதுச்சேரியில் வீட்டிலிருந்தே அந்தத் தாளுக்குப் படித்தவன் என்ற முறையில், திசை பற்றிய கணக்குகளை எப்படி அணுகலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

திசை என்பது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படும் கோணம். 005, 070, 250 என்று மூன்று இலக்கங்களில் எழுதப்படும். சிக்கல் கோணத்தில் இல்லை, வடக்கில்தான் இருக்கிறது. புவியின் சுழல் அச்சு காட்டுவது உண்மை வடக்கு. புவிக் காந்தப்புலம் காட்டுவது காந்த வடக்கு. விமானத்தின் இரும்புப் பாகங்களாலும் மின்சுற்றுகளாலும் இழுபட்ட பிறகு ஊசி காட்டுவது காம்பஸ் வடக்கு. முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வேரியேஷன், பிளஸ் டூ இயற்பியலில் காந்த ஒதுக்கம் என்று படித்ததேதான். அது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். காந்த வடக்குக்கும் காம்பஸ் வடக்குக்கும் இடையிலுள்ள டீவியேஷனோ விமானத்துக்கு விமானம் மாறுவதோடு, ஒரே விமானத்திலும் ஹெடிங்குக்கு (விமானத்தின் மூக்கு நோக்கும் திசைக்கு) ஏற்ப மாறும். அதனால்தான் காக்பிட்டில் டீவியேஷன் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

மேற்கு என்றால் கூட்டு, கிழக்கு என்றால் கழி என்ற சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அது உண்மையிலிருந்து காம்பஸுக்குப் போகும்போது மட்டுமே பொருந்தும். கேள்வி தலைகீழாக வந்தால் குறிகளும் தலைகீழாகும். ஆகவே உண்மை, வேரியேஷன், காந்தம், டீவியேஷன், காம்பஸ் என்ற ஐந்து கட்டங்களை ஒவ்வொரு முறையும் தாளில் வரைந்து நிரப்புவதே பாதுகாப்பானது. எடுத்துக்காட்டாக, செல்ல வேண்டிய உண்மை டிராக் (தரைமீது செல்லும் பாதையின் திசை) 240, உண்மை வான்வேகம் (காற்றைச் சார்ந்த வேகம்) 100 நாட், காற்று 330 பாகையிலிருந்து 17 நாட் என்று கொள்வோம். காற்று நேராக வலப்புறத்திலிருந்து அடிப்பதால் ஏறத்தாழ 10 பாகை வலப்பக்கம் திருத்த வேண்டும். உண்மை ஹெடிங் 250. வேரியேஷன் 2 மேற்கு என்றால் காந்த ஹெடிங் 252. டீவியேஷன் 3 கிழக்கு என்றால் காம்பஸ் ஹெடிங் 249. காற்றுத் திருத்தத்தை முடித்த பிறகே வேரியேஷனைத் தொட வேண்டும், ஏனெனில் வரைபடத்தில் அளந்த டிராக்கும் முன்னறிவிப்புக் காற்றும் உண்மை வடக்கைச் சார்ந்தவை.

நம் ஊர்க்காரர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய பகுதி, காம்பஸின் திருப்பப் பிழைகள். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கித் திரும்பும்போது ஊசி பின்தங்கும் என்பதால் முன்கூட்டியே திருப்பத்தை நிறுத்த வேண்டும். தெற்கு நோக்கித் திரும்பும்போது ஊசி முந்திக்கொள்ளும் என்பதால் சற்றுத் தாண்டி நிறுத்த வேண்டும். இதற்குக் காரணம் காந்தச் சரிவு, அதாவது புவிக் காந்தப்புலம் கிடைமட்டத்திலிருந்து சாய்ந்திருப்பது. காந்த நடுக்கோடு (சரிவு சுழியமாகும் கோடு) தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், புதுச்சேரியில் சரிவும் குறைவு, பிழையும் குறைவு. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அந்தக் கோட்டின் அருகாமையே காரணம். ஆனால் இங்கே பிழை குறைவு என்பதைக் கேள்வித்தாள் பொருட்படுத்தாது. பொதுவான வட அரைக்கோள விதிப்படியே விடை எழுதுங்கள்.

டைரக்ஷனல் கைரோவுக்கு (சுழலும் சக்கரத்தால் ஹெடிங் காட்டும் கருவிக்கு) வடக்கு தெரியாது. காம்பஸைப் பார்த்து நாம்தான் பொருத்திக் கொடுக்க வேண்டும். புவிச் சுழற்சியால் அது மணிக்கு 15 பாகை பெருக்கல் அட்சரேகையின் சைன் என்ற அளவில் நகரும். புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருப்பதால் இங்கே நகர்வு மணிக்குச் சுமார் 3 பாகை. வட அரைக்கோளத்தில் அளவீடு குறைந்துகொண்டே போகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், கூட்டலா கழித்தலா என்ற குறியைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

புதுச்சேரியின் இலாசுப்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை 07/25 என்று குறிக்கப்படுவது காந்தத் திசையைப் பத்தின் மடங்காக்கிக் கடைசிச் சுழியத்தை நீக்கியதால். மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையில் உள்ள காற்று உண்மை வடக்கிலிருந்தும், கோபுரம் வானொலியில் சொல்லும் காற்று காந்த வடக்கிலிருந்தும் அளக்கப்படும். குறுக்குக் காற்றுக் கணக்கில் எது தரப்பட்டிருக்கிறது என்று பார்த்து, மெட்டார் என்றால் முதலில் காந்தத்துக்கு மாற்றிவிட்டு ஓடுபாதைத் திசையோடு ஒப்பிடுங்கள். நம் பகுதியில் வேரியேஷன் மிகச் சிறியது என்பதால் வித்தியாசம் தெரியாது. கேள்வியில் 20 பாகை கொடுத்திருந்தால் விடையே மாறிவிடும்.