செட்டிப்பூச இரவில் தேங்காய் ஓடு பொறுக்கினோம்

பினாங்குக்காரர்களுக்குத் தைப்பூசம் ஒருநாள் முன்னாடியே தொடங்கிவிடும். அதைச் செட்டிப்பூசம் என்போம். விடியற்காலையில் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் புறப்படுவார். 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ரதம் அது. ஊரெல்லாம் சுற்றி, வாசலுக்கு வாசல் அர்ச்சனை வாங்கிக்கொண்டு, தண்ணீர்மலை நாட்டுக்கோட்டை செட்டியார் கோயிலுக்கு வந்து சேர இரவாகிவிடும். வழி நெடுக ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பார்கள். ஒன்று இரண்டு இல்லை, குவியல் குவியலாக. நம்மவர்களைவிடச் சீனர்கள் குவிக்கும் தேங்காய்தான் அதிகமோ என்று சில இடங்களில் தோன்றும். கையில் ஊதுபத்தியோடு கண்ணை மூடி நின்றுவிட்டு, அப்புறம் குடும்பமே சேர்ந்து உடைக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி மோட்டார்சைக்கிள் விபத்திலிருந்து பிழைத்து வந்ததற்காக அம்மா 108 தேங்காய் நேர்ந்துகொண்டார். நான் பால்குடம். முதல் நாள் இரவு தேங்காய்களை உடைத்து முடித்துவிட்டு, மறுநாள் காலை அதே சாலையில் வெறுங்காலோடு பால்குடம் தூக்கிக்கொண்டு நடந்தேன். கோயில் வளைவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வலது பாதத்தில் சுரீரென்றது. குடத்தைச் சித்தி வாங்கிக்கொள்ள, குனிந்து பார்த்தால் பாதத்தில் குத்தி நின்றது தேங்காய் ஓட்டுச் சில்லு. மாநகர் மன்றத்து ஆட்கள் ராத்திரியே இயந்திரம் வைத்து அள்ளியும், சாலை ஓரத்திலும் கால்வாய் மூடியின் இடுக்கிலும் இன்னும் எத்தனையோ கிடந்தன. எனக்கு முன்னால் காவடி எடுத்துப் போனவர்களும் அதே சாலையில் வெறுங்காலோடுதான் போனார்கள். குத்தியது நாங்கள் உடைத்த தேங்காயாகவே இருக்கலாம் என்ற நினைப்பு, மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு 513 படியும் ஏறி முடிக்கும்வரை என்னை விடவில்லை.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தேங்காயைக் குறைத்து உடையுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் அதுவரை காது கொடுத்ததே இல்லை, நேர்த்திக்கடனில் இவர்கள் ஏன் தலையிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

இந்த வருஷம் அம்மாவிடம் பேசினேன். முதலில் கோபித்துக்கொண்டார். சாமி கணக்குப் பார்க்க மாட்டார்மா, நாம்தான் பார்க்கிறோம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒன்பது தேங்காய்க்கு ஒத்துக்கொண்டார். மீதிக் காசுக்கு அன்னதானத்துக்கு அரிசி. உடைத்த கையோடு, வேலையிடத்துத் தோழி கூப்பிட்டிருந்த துப்புரவுக் குழுவோடு சேர்ந்துகொண்டேன். சங்கம், பதாகை எதுவும் கிடையாது, தெரிந்தவருக்குத் தெரிந்தவராகக் கூடிய இருபது பேர்தான். கையுறையும் சாக்கும் கொடுத்தார்கள். ஓடு ஒரு சாக்கில், போத்தல் ஒரு சாக்கில், சாப்பாட்டு மிச்சம் வாளியில். ஓட்டோடு நெகிழி கலந்துவிட்டால் உரத்துக்குக்கூட ஆகாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

என் பக்கத்தில் அறுபத்தைந்து வயது இருக்கும் ஒரு சீன அண்டி (ஆன்ட்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்). காலையில் பிட் ஸ்ட்ரீட்டில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சாயங்காலம் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருக்கிறார். தேங்காயை விட அவர் தேடித் தேடி எடுத்தது கற்பூரம் சுற்றி வந்த நெகிழித் தாளையும், மூட்டை கட்டிய ராபியா என்ற நெகிழிக் கயிற்றையும்தான். கயிறு கால்வாய்க்குள் போய்ச் சிக்கினால் எல்லாக் குப்பையையும் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். பிளந்த மூங்கில் குச்சி ஒன்றைக் கால்வாய் மூடிக்குள் விட்டு, நூடுல்ஸ் சுற்றுவது மாதிரி சுற்றி இழுத்தார், முழ நீளத்துக்கு இளஞ்சிவப்புக் கயிறு சேற்றோடு வந்தது. அண்டி, இடுப்பு வலிக்கும், நான் பார்க்கிறேன் என்றேன். "இனி பூன் செம்பாயாங்" என்றார் மலாயில். இதுவும் கும்பிடுவதுதான் என்று அர்த்தம். நிமிராமலே சொன்னார், அடுத்த மூடிக்கு நகர்ந்துவிட்டார்.

எனக்கு அப்பர் சுவாமிகள் நினைவுக்கு வந்தார். கோயில் கோயிலாகப் போய் உழவாரத்தால் புல் செதுக்கியவர் அவர். கையில் அந்த உழவாரம் இல்லாத அப்பர் சிலையை நான் பார்த்ததே இல்லை. தேவார வகுப்பில் படித்ததுதான், ஆனால் சாக்கோடு குனிந்து நிற்கும்போதுதான் அது எனக்குப் புரிந்தது.

தண்ணீர்ப் பந்தலில் இருந்த தமிழ் முஸ்லிம் தம்பி ஒருவர் காகிதக் குவளை வேண்டாம், டம்ளர் இருந்தால் நீட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் ஒளுவை ஓடும் ஆற்றில் எடுத்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று நபிகள் நாயகம் சொன்னதை நினைவுபடுத்தி, குவளையும் அப்படித்தானே அக்கா என்றார். எங்களோடு வந்த கத்தோலிக்கப் பெண், 2015இல் போப் பிரான்சிஸ் பூமியைப் பற்றி எழுதிய மடலைத் தங்கள் கோயிலில் கூடி வாசித்ததாகவும், அதிலிருந்து வீட்டில் போத்தல் தண்ணீர் வாங்குவதையே விட்டுவிட்டதாகவும் சொன்னார். மதத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மற்றபடி இந்தச் சாக்கைப் பிடி, அங்கே சில்லு கிடக்கிறது பார், இதே பேச்சு.

இந்த மலைக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வந்ததே பக்கத்திலுள்ள அருவியால். ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனுக்கே குடிநீர் கொடுத்த அருவி அது. அப்படிப்பட்ட தண்ணீரின் பெயரைத் தாங்கிய மலைக்குக் கீழே கால்வாயில் நெகிழி மிதக்கவிட்டு, மேலே போய்ப் பாலாபிஷேகம் பார்க்க எனக்கு இனி மனசு வராது.

இரண்டு மணி வாக்கில் முடித்தோம். தேங்காய்த் தண்ணீர் தாரில் காய்ந்து புளித்த வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்து, மஞ்சள் உடுத்தி, ஆறு மணிக்குப் பால்குடத்தோடு திரும்பி வந்தேன். நாங்கள் பொறுக்கிய அந்தத் துண்டுச் சாலையில் கால் வைக்கும்போது என்னை அறியாமல் கண் கலங்கிவிட்டது. எனக்கு முன்னால் அலகு குத்திய பையன் ஒருவன் ஆடிக்கொண்டே போனான், கீழே பார்க்காமல்.

மலை இறங்கி வரும்போது அண்டியை மறுபடியும் பார்த்தேன். ஒரு சின்னப் பையில் தேங்காய் நார் சேர்த்து வைத்திருந்தார், வீட்டு ஆர்கிட் செடிக்காம். அம்மா தன் டம்ளரில் மோர் வாங்கி அவரிடம் நீட்டினார். குடித்துவிட்டு, டம்ளரைத் தன் போத்தல் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை நார்ப் பைக்குள்ளேயே ஊற்றிக்கொண்டார்.