ஐயாவின் சாவி

மொரீஷியஸுக்கென்று பஞ்சாங்கம் கணிக்கும் எங்கள் கட்டற்ற மென்பொருளுக்கு இந்த ஆண்டோடு 9 வயது. திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். சூரிய உதயம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சென்னைப் பஞ்சாங்கத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால் போதும் என்று இருந்தால் சில மாதங்களில் விரத நாளே தவறிவிடும். அதற்காகத்தான் தொடங்கினோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், அதில் எழுதும் உரிமை உள்ளவர்களை எண்ணிப் பார்த்தேன். 14 பேர். கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒரு வரியாவது சேர்த்தவர்கள் 4 பேர்.

மற்ற 10 பேரில் ஒருவருடைய மின்னஞ்சல், அவர் முன்பு நடத்திய கடையின் டொமைனில், அதாவது அதன் இணையப் பெயரில், இருந்தது. கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தேடினேன், அந்த டொமைன் விற்பனைக்கு இருந்தது. எவரும் அதை வாங்கி, கடவுச்சொல் மாற்றும் கடிதத்தை அங்கே வரவழைத்து, அவர் பெயரிலேயே உள்ளே நுழைந்துவிடலாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2022 மே மாதம் பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் சிடிஎக்ஸ் என்ற தொகுப்புக்கு இதுவேதான் நடந்தது. 2014க்குப் பிறகு புதிய பதிப்பே வராத தொகுப்பு அது. உரியவரின் டொமைன் காலாவதியானதும் வேறொருவர் அதை வாங்கிக் கணக்கைக் கைப்பற்றி, பயனர்களின் இரகசியச் சாவிகளைத் திருடும் பதிப்பை ஏற்றிவிட்டார்.

பெரிய திட்டங்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. நோட்.ஜேஎஸ் என்ற நிரலாக்கத் திட்டத்தின் குழுவில் 12 மாதம் அசைவில்லாதவர் ஓய்வுப் பட்டியலுக்குப் போகிறார். டெபியன் என்ற இயங்குதளத் திட்டத்தில், காணாமற்போன பராமரிப்பாளர்களைத் தேடிக் கடிதம் எழுதவே ஒரு குழு இருக்கிறது. நாங்களும் முடிவு செய்தோம்: ஓராண்டு மௌனம் என்றால் ஒரு கடிதம், 30 நாள் பொறுமை, பிறகு உரிமை நீங்கும், பெயர் நீங்காது, திரும்பி வந்து கேட்டால் உரிமை மீண்டும் கிடைக்கும்.

6 பேர் உடனே சம்மதித்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டார். இரண்டு கடிதங்கள் திரும்பி வந்தன. கிட்ஹப்போடு வேலை முடியவில்லை. மென்பொருளை இயக்க நாங்கள் வாடகைக்கு எடுத்த சேவையகத்தில் நுழைவுச் சாவிகள் இருக்கும் கோப்பைத் திறந்தால், அங்கே 5 வரிகள். ஒன்றின் முடிவில், எப்போதோ விற்றுவிட்ட ஒரு மடிக்கணினியின் பெயர். கிட்ஹப்பில் மட்டும் நீக்கியிருந்தால் அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கும்.

மிஞ்சியவர் ஐயா. எனக்குத் தமிழ் கற்பித்தவர். நான் இன்று தமிழ் ஆசிரியனாக இருப்பதே அவரால்தான். முதல் மூன்று ஆண்டுகளின் கோயில் திருநாள்களை நோட்டில் கணக்கிட்டு, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தவர். அவருக்குக் கடிதம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ரோஸ் ஹில்லில் அவர் வீட்டுக்கே போனேன்.

வராந்தாவில் பேரப்பிள்ளைகள் கிரியோலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "என் பெயரையும் எடுத்துவிடுவாயா தம்பி?" என்றார்.

"இல்லை ஐயா. உங்கள் பெயர்தான் பட்டியலில் முதலில் இருக்கிறது, பாருங்கள்" என்று கைப்பேசியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். பிறகு உள்ளே போய், நீல அட்டை போட்ட அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்தார்.

"இந்த ஆவணிக் கிருத்திகையை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். உதயத்துக்கு 4 நிமிடம் முன்பே நட்சத்திரம் முடிந்துவிடுகிறது. நான் யாரிடம் சொல்வது என்று இருந்தேன்."

பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் கழித்தல் கணக்கும் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். உதய நேரத்தை அருகிலுள்ள கால் மணிக்கு மாற்றும் ஒரு பழைய வரி, நான் எழுதியது. ஓராண்டாக எங்களில் எவர் கண்ணிலும் அது படவில்லை.

அன்றிரவு ஐயாவின் எழுதும் உரிமையை நீக்கினேன். பிறகு அந்த வரியைத் திருத்தினேன். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியில், ஒரு மாற்றத்தை எழுதியவருக்கும் அதைச் சேர்த்தவருக்கும் தனித்தனி இடம் உண்டு. எழுதியவர் இடத்தில் ஐயாவின் பெயரைப் போட்டேன்.