ஆறு முறை திரும்பியவர்

மலையேற்றப் பயிற்சி நிலையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் பயிற்றுநராகப் பணியாற்றினேன். டென்சிங் நோர்கே எவரெஸ்டின் உச்சியை எப்படி எட்டினார் என்று ஒவ்வோர் அணியிலும் யாரேனும் கேட்பார்கள். அதற்கு முன் ஆறு முறை எப்படித் திரும்பினார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

1935-இல் பிரிட்டிஷ் மலையேறுநர் எரிக் ஷிப்டனின் குழுவில் சுமைதூக்கியாகச் சேர்ந்தபோது, மலை அவருக்குக் கூலி தரும் வேலை. பிறகு 1936, 1938, 1947. 1952-இல் சுவிஸ் குழுக்களுடன் இரு முறை. அவ்வாண்டு மே மாதம் அவரும் ரேமண்ட் லாம்பெர்ட்டும் உறங்கும் பையோ அடுப்போ இல்லாத கூடாரத்தில், மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கிக் குடித்து இரவைக் கழித்தார்கள். மறுநாள் சுமார் 8,595 மீட்டர் வரை ஏறி, உச்சிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே நின்று, இறங்குவதென்று முடிவெடுத்தார்கள். முன்பே பனிக்கடியில் கால்விரல்களை இழந்திருந்த லாம்பெர்ட்டுக்கு, பிடிவாதத்தின் விலையை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஒருநாள், திரும்பும் நேரமென்று நானே வகுத்திருந்த பகல் 12 மணியைக் கடந்தும், முகடு மிக அருகில் தெரிந்ததால், அணியை மேலும் அரை மணி நேரம் ஏறவிட்டேன். காற்று வலுத்தது. இறங்கும் வழியில் இரு மாணவர்களின் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயின. கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றியதில் விரல்கள் பிழைத்தன. பணிக் குறிப்பேட்டில் "வானிலை மாற்றம்" என்று எழுதினேன். அது பாதி உண்மைதான்.

1953 ஏப்ரலில் எவரெஸ்ட் ஏறும் வழியிலுள்ள கும்பு பனியருவியில், உடன் ஏறிய எட்மண்ட் ஹிலாரி பனிப்பிளவொன்றில் விழுந்தபோது, டென்சிங் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிக் காப்பாற்றியதைக் கயிற்றுப் பாடத்தில் தவறாமல் சொல்வேன். மே 29 அன்று உச்சியில் டென்சிங் அணிந்திருந்தது லாம்பெர்ட் தந்த சிவப்புக் கழுத்துத்துணி என்பதையும் சொல்வேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. மறு ஆண்டு டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்ற நிறுவனம் தொடங்கியபோது களப்பயிற்சியின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவரும் அவரே.

அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு, திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன் மாணவர்களே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று வைத்தேன். என் கடைசி அணியில், முகடு தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்த ஒரு நண்பகலில், கயிற்றின் முன்னால் சென்ற மாணவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைக் கேட்காமலேயே திரும்பி இறங்கத் தொடங்கினார்.